வெற்றுக் குப்பி

மூன்றாம் முறையும் வெற்றுக் குப்பி ஒளிர்ந்தது.

அதில் ஒன்றும் இல்லை.
இருமுறை வடித்த நீர், ஒரு துளி சாயம்.
சாயம் என்பது நான் வைத்த பெயர்.
முறையான பெயர் ஒன்றரை வரி நீளம்;
ஹெலெத் அதைத் தன் ஊர்ப் பெயரைப்போல
மூச்சு வாங்காமல் சொல்வாள்.

அபெரிஸ்த்வித், நவம்பர்.
நாலரைக்கே கடல் காணாமல் போய்விடும்.
மேலே மலைக்குள் யாரும் இறங்காத ஈயச் சுரங்கம்
இன்னும் கணக்கு முடிக்கவில்லை.
அதன் வாயிலிருந்து கசிவது
சரளைமேட்டைச் சுற்றி, இத்வாலின் கொட்டிலைத் தாண்டி
இஸ்த்வித் ஆற்றில் சேர்கிறது.
அவ்வளவு தெளிந்த நீர்.
பாசிகூட ஒட்டாத தெளிவு.

"குடிக்கலாமா?" என்றார் இத்வால், வேலிக்கு அப்பால் நின்று,
என்னைப் பார்த்தல்ல, குப்பியைப் பார்த்து.
பத்து நாளில் சொல்கிறேன் என்றேன்.
அது செப்டம்பர்.

சாயத்தின் வேலை இவ்வளவுதான்:
மூலக்கூறின் ஒரு முனையில் விளக்கு,
மறுமுனையில் ஒரு நைட்ரஜன்.
அதனிடம் சும்மா கிடக்கும் இரண்டு எலக்ட்ரான்கள்.
புறஊதா பட்டு விளக்கு எரியப் போகும்போதெல்லாம்
ஒன்று குறுக்கே பாய்ந்து
அணைத்துவிடும்.

துத்தநாகம் வரும்.
நைட்ரஜனை அணைக்கும்.
இது அந்தச் சொல்லின் இன்னொரு பொருள்.
எலக்ட்ரான் கட்டுண்டு கிடக்க, விளக்கு எரியும்.

செம்பு வந்தால் இரண்டு பொருளும் ஒருசேர.

ஹெலெத்துக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்து
பாதியில் விட்டுவிட்டேன்.

குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்தேன்.
நீரை மாற்றினேன், நீர் வடிக்கும் இயந்திரத்தைச் சந்தேகித்தேன்,
கலக்கும் காந்தத்தை, குழாயை, கையுறைப் பெட்டியை,
ஒரு வாரம் முழுக்க, பாவம், துப்புரவுக்கு வரும் டெலித்தை.
ஒளிர்ந்தது.

வியாழன் இரவு சாயம் ஒரு சொட்டு விரலில் சிந்தியது.
துடைக்குமுன் கைவிளக்கைப் போட்டேன்.

கணுக்கள் எரிந்தன.
வெடிப்பு வெடிப்பாக, நீலப்பச்சை,
மழை பெய்த பின் வரைபடத்தில் ஆறுகள் தெரிவதுபோல.
கடற்கரை மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளைக் களிம்பு,
துத்தநாகம் பதினைந்து சதவீதம், ஒருநாளைக்கு இருவேளை.
ஆற்றில் கைவிட்டு வெடித்த தோலுக்கு
செப்டம்பர் முதல் பூசி வருகிறேன்.
அந்தக் கையால்தான் தினமும் கையுறையை இழுத்து மாட்டினேன்.

நாற்பத்தொரு வரிசைகள்.
பேனாவால் அடித்தேன், ஒவ்வொன்றாக,
அடித்தபின்னும் எண் தெரியவேண்டும் என்பது விதி.

ஹெலெத் சிரித்தாள். பிறகு எண்ணிப் பார்த்தாள்.
பிறகு தேநீர் போட்டாள்.
அடுத்த அறையில் அவள் வளர்க்கும் மீன்செவுள் செல்களுக்குள்ளும்
இதே சாயம், இதே நிறத்தில் புள்ளி புள்ளியாக.
"அது அழுக்கில்லை" என்றாள், நான் கேட்காமலே.
"அது இல்லாவிட்டால் செல்லே இல்லை."

இத்வாலுக்குப் போன் செய்தேன்.
இன்னும் பத்து நாள் என்றேன்.
காற்று இரைந்தது.
"ஆடுகள் அதைத் தொடுவதில்லை" என்றார்.
"நான் நாய்க்காகக் கேட்டேன்."

மறுநாள் களிம்பில்லாமல் மலையேறினேன்.
தண்ணீர் வெடிப்புக்குள் புகுந்து தன் வேலையைக் காட்டியது.
ஆறு குப்பி, ஏழாவது வெற்று.

இரவு பதினொன்றே கால். விளக்கைப் போட்டேன்.
ஆறும் எரிந்தன, ஒவ்வொன்றும் தன் அளவுக்கு.
ஈயத்தைப் பற்றி இந்தச் சாயம் வாய் திறக்காது;
அதற்கு வேறொன்று, வேறு மாதங்கள்.

ஏழாவது இருட்டாக இருந்தது.

ஓர் இருட்டை இவ்வளவு நேரம்
நான் நின்று பார்த்ததில்லை.